சென்னை குடிக்கும் தண்ணீருக்கு அடியில் ஒரு கோயிலூர்... பூண்டிக்குப் போயிருக்கிறீர்களா?

சென்னையில் தினமும் குழாயைத் திறப்பவர்களில் எத்தனை பேர் பூண்டி ஏரியைப் பார்த்திருப்பார்கள்? நகரத்திலிருந்து சுமார் 60 கிலோமீட்டர்தான். மின்சார ரயிலில் திருவள்ளூர், அங்கிருந்து பஸ். ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும்.

கொசஸ்தலை ஆற்றின் குறுக்கே கட்டப்பட்ட இந்த நீர்த்தேக்கத்துக்கு 'சத்தியமூர்த்தி சாகர்' என்று பெயர். தீரர் சத்தியமூர்த்தி 1939-ல் சென்னை மேயரானபோது நகரம் தண்ணீருக்குத் தவித்துக்கொண்டிருந்தது. உலகப்போர் நேரத்திலும் விடாமல் முயன்று, பூண்டித் திட்டத்தைத் தொடங்கவைத்தார். 1940-ல் அடிக்கல், 1944-ல் திறப்பு. அதைப் பார்க்க அவர் இல்லை, 1943-லேயே காலமாகிவிட்டார்.

முழுக்க நிரம்பினால் 3,231 மில்லியன் கன அடி. மழைநீரோடு, 1996 முதல் கிருஷ்ணா நீரும் ஆந்திராவின் கண்டலேறு அணையிலிருந்து 177 கிலோமீட்டர் கால்வாயில் வந்து இங்கேதான் சேர்கிறது. பிறகு புழலுக்கும் செம்பரம்பாக்கத்துக்கும் போகிறது.

கரையில் நின்று செல்ஃபி எடுப்பவர்கள் பலரும் தவறவிடுவது ஊன்றீஸ்வரர் கோயிலை. திருவொற்றியூரில் சங்கிலியாருக்குக் கொடுத்த வாக்கை மீறிப் பார்வையை இழந்த சுந்தரர், தடுமாறி நடந்து வந்த ஊர் அன்றைய திருவெண்பாக்கம். கண் கேட்டவருக்கு இறைவன் கொடுத்தது ஊன்றுகோல் மட்டும்தான். (கோபம் வராதா பின்னே? உரிமையோடு சண்டை போட்டே பதிகம் பாடியிருக்கிறார்.) அணை வந்தபோது அந்த ஊர் தண்ணீருக்குள் போனது. சுவாமியைக் கொண்டுவந்து பூண்டியில் புதுக் கோயில் கட்டினார்கள். சென்னையின் தாகத்துக்காக இடம்பெயர்ந்தவர்களில் சிவனும் உண்டு!

குழந்தைகளோடு போனால், தொல்லியல் துறையின் அகழ்வைப்பகத்தையும் பார்த்துவிடுங்கள். 1863-ல் ராபர்ட் புரூஸ் ஃபூட் கற்கருவிகளைக் கண்டெடுத்த அத்திரம்பாக்கம் இங்கே பக்கத்தில்தான். அங்கு கிடைத்த கைக்கோடரிகளின் வயது சுமார் 15 லட்சம் ஆண்டுகள் என்கிறது 2011-ல் வெளியான ஆய்வு. கொசஸ்தலைப் பகுதியில் மனிதர்கள் அப்போதே நடமாடியிருக்கிறார்கள்.

2019 கோடையில் பூண்டி உட்பட சென்னையின் ஏரிகள் ஏறக்குறைய வறண்டன. லாரிக்காகக் குடங்களோடு காத்திருந்த நாள்கள் நினைவிருக்கும். வடகிழக்குப் பருவமழைக்குப் பிறகு போனால், அதே ஏரியைத் தளும்பத் தளும்பப் பார்க்க வாய்ப்புண்டு. உபரிநீர் திறக்கும் நேரத்தில் மட்டும் ஆற்றுப் பக்கம் இறங்கவே வேண்டாம். கோயில் மதியம் நடை சாத்திவிடும், அதனால் முதலில் அங்கே போய்விட்டு ஏரிக்கு வாருங்கள்.