எட்டு வயது மூச்சுக்கு எந்த அளவுகோல்?

மந்தைவெளி மார்க்கெட்டில் காய் வாங்க வரும் அம்மாக்களுக்கு ‘வீசிங்’ என்ற சொல்லை விளக்கத் தேவையில்லை. ராத்திரியெல்லாம் பிள்ளை இழுத்திருக்கும். காலையில் டாக்டர் ஸ்டெதஸ்கோப்பை வைத்தால் நெஞ்சு சமர்த்தாக இருக்கும்! இப்படி நழுவும் நோயைப் பிடிக்கத்தான் ஸ்பைரோமீட்டர்.

மூக்கில் கிளிப், வாயில் குழாய். “இழு, இழு… ஊது! விடாதே, ஊது!” என்று டெக்னீஷியன் போடும் சத்தம் வராந்தா வரை கேட்கும். திரையில் மெழுகுவத்திகள் அணைகின்றன. பிள்ளைக்கு அது விளையாட்டு. ஐந்தாறு வயதுக்குக் கீழே இந்த வித்தை பெரும்பாலும் பலிப்பதில்லை. மொத்தம் எவ்வளவு காற்று, அதில் முதல் நொடியில் எவ்வளவு என்பதுதான் கணக்கு. ஆஸ்துமாவில் மூச்சுக்குழாய்கள் சுருங்குவதால் முதல் நொடிக் காற்று குறையும். அவற்றை விரிக்கும் சால்பியூட்டமால் மருந்தைக் கொடுத்து, கால் மணி நேரம் கழித்து மறுபடி ஊதும்போது அது 12 சதவீதத்துக்கு மேல் ஏறினால் ஆஸ்துமா என்ற சந்தேகம் வலுக்கும்.

சரி, எட்டு வயதுக்கு எவ்வளவு ஊதினால் போதும்? 1846இல் லண்டனில் ஜான் ஹட்சின்சன் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை ஊதவைத்து, மூச்சின் அளவு உயரத்தோடு ஏறுவதைக் கண்டார். இன்றும் செருப்பைக் கழற்றவைத்து உயரம் பார்ப்பது அதனால்தான். ஆனால் வெள்ளைக்காரப் பிள்ளைகளின் அட்டவணையோடு ஒப்பிட்டால், அதே உயரமுள்ள நம் பிள்ளைகளின் அளவு பொதுவாகக் குறைவாகவே வரும். நோயில்லாத பிள்ளையும் நோயாளியாகிவிடும்.

இதற்கு நம் ஊரிலேயே வேலை நடந்தது. சேத்துப்பட்டு காசநோய் ஆராய்ச்சி மையத்தைச் சேர்ந்த சௌம்யா சுவாமிநாதனும் சகாக்களும் தென்னிந்தியக் குழந்தைகள் ஊதும் உச்ச வேகத்தை அளந்து 1993இல் வெளியிட்டார்கள். அங்கேயே வி.கே. விஜயன் குழுவினர் 7 முதல் 19 வயது வரையிலானவர்களின் நுரையீரல் அளவுகளை 2000இல் தந்தார்கள். 2012இல் வந்த உலக அளவுகோலில்கூட இந்தியர்களுக்குத் தனி வரிசை இல்லை என்பதை நினைத்தால் இந்த உழைப்பின் அருமை தெரியும்.

எனக்கு ஒரு நெருடலும் உண்டு. நம் பிள்ளைகளின் மூச்சு குறைவாக இருப்பது உடல்வாகா, அல்லது சத்துக்குறைவும் புகையும் செய்த வேலையா? பின்னதென்றால், உள்ளூர் அளவுகோல் அந்தக் கேட்டையே ‘இயல்பு’ என்று எழுதிவைத்துவிடும். 2023இல் அமெரிக்க மார்பு நோய்ச் சங்கம் இனப் பிரிவில்லாத ஒரே அளவுகோலைப் பரிந்துரைத்ததற்குப் பின்னாலும் இந்தக் கவலை இருந்தது.

அட்டவணைச் சண்டை ஒருபுறம் இருக்கட்டும். பிள்ளை போன வருஷம் எவ்வளவு ஊதியது, அதற்குப் பிறகு எத்தனை சென்டிமீட்டர் வளர்ந்திருக்கிறது என்பதை எந்த அட்டவணையும் சொல்லாது. அடுத்த முறை போகும்போது பழைய ரிப்போர்ட்டையும் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.