கொட்டிலில் பிறந்த கிடாவே மாப்பிள்ளையா? குட்டி நோஞ்சானாக பிறப்பது ஏன்?

புதுவை:

வில்லியனூர், பாகூர் கொம்யூன் கிராமங்களில் ஆடுதான் ஏழை வீட்டு பேங்க். பள்ளிக்கூட பீஸ், ஆஸ்பத்திரி செலவு, வட்டிக்கடையில் கிடக்கும் நகை என்று எது வந்தாலும் கொட்டிலில் இருந்து ஒரு ஆட்டை அவிழ்த்து விட்டால் காரியம் முடிந்துவிடும்.

1990-களில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் வில்லியனூர் பகுதியில் உயிர் கிராம திட்டத்தை தொடங்கியபோது, நிலம் இல்லாத பெண்களுக்கு காட்டிய தொழில்களில் ஆடு வளர்ப்பும் ஒன்று.

அப்படிப்பட்ட ஆட்டில் நம்ம ஆட்கள் தெரியாமல் செய்யும் ஒரு தப்பு, மெல்ல மெல்ல மொத்த கொட்டிலையும் காலி செய்து விடுகிறது. அது என்ன தெரியுமா? வீட்டில் பிறந்த கிடாவையே பொலிகிடாவாக விடுவதுதான்.

அதன் விவரம் வருமாறு:-

11 மாத கணக்கு

ஒருவர் 4 பெட்டை ஆடும், ஒரு கிடாவும் வாங்கி வருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆட்டுக்கு சினை காலம் 5 மாதம். பிறந்த பெட்டை குட்டி 6 மாதத்திலேயே பருவத்துக்கு வந்து கத்த ஆரம்பித்து விடும். ஆக, 11-வது மாதம் அப்பன் கிடாவும், அதன் மகளும் ஒரே கொட்டிலில்!

கிடா குட்டி இன்னும் வேகம். 3, 4 மாதத்திலேயே ஏற ஆரம்பித்து விடும். அம்மா, அக்கா, தங்கச்சி என்றெல்லாம் அதற்கு தெரியுமா?

மற்ற கிடா குட்டிகள் பக்ரீத்துக்கும், ஆடி மாத நேர்த்திக்கடனுக்கும் போய்விடும். பார்க்க லட்சணமாக இருக்கிற ஒன்றை மட்டும் "இது வம்சத்துக்கு இருக்கட்டும்" என்று நிறுத்தி வைப்பார்கள். வினையே அங்கேதான் ஆரம்பம்.

2 பல்பு எரியும் வீடு

இதில் என்ன கெடுதல்? வீட்டில் 2 பல்பு இருக்கிறது. ஒன்று பியூஸ் ஆனாலும் இன்னொன்றில் வெளிச்சம் வரும். உடம்பும் அப்படித்தான். ஒவ்வொரு குணத்துக்கும் அப்பனிடம் இருந்து ஒரு மரபணு, அம்மாவிடம் இருந்து ஒரு மரபணு வருகிறது. ஒன்றில் கோளாறு இருந்தாலும் பெரும்பாலும் மற்றொன்று சமாளித்து விடும். கோளாறு வெளியே தெரியாது.

ரத்த சொந்தத்துக்குள் சேர்ந்தால் 2 பக்கமும் அதே பியூஸ் போன பல்பு வந்து மாட்டிக்கொள்ளும். அப்போதுதான் மறைந்து கிடந்த கோளாறு குட்டியில் தலை காட்டுகிறது.

அப்பனும் மகளும், இல்லாவிட்டால் கூடப்பிறந்த அண்ணனும் தங்கையும் சேர்ந்து குட்டி பிறந்தால் இந்த ஆபத்து 25 சதவீதம். அப்பன் ஒன்று, அம்மா வேறு என்றால் 12.5 சதவீதம்.

நம்ம வீடுகளில் தாய்மாமன் அக்கா மகளை கட்டினாலும் பிறக்கும் பிள்ளைக்கு இதே 12.5 சதவீதம்தான். மாமன் மகள், அத்தை மகள் என்றால் 6.25. "சொந்தத்தில் வேண்டாம்" என்று டாக்டர்கள் தலைதலையாக அடித்துக்கொள்வது இதனால்தான். ஆட்டு கொட்டிலில் அதைவிட 2 மடங்கு நடக்கிறது.

முதல் ஈத்தில் பெரிதாக ஒன்றும் தெரியாது. தலைமுறை போக போக குட்டி எடை குறையும். பிறந்த குட்டி சாகும். ஊனமாக பிறக்கும். ஆடு சினை பிடிக்காமல் போகும். சின்ன சளி, கழிச்சலுக்கே சுருண்டு விழும். "ஆடு ராசி இல்ல" என்று சொல்லி அடிமாட்டு விலைக்கு தள்ளி விடுவோம்.

அதற்காக நோஞ்சான் குட்டி எல்லாவற்றுக்கும் இதுதான் காரணம் என்று முடிவு கட்டிவிட கூடாது. குடற்புழு, தீவன குறைவு இருந்தாலும் குட்டி இளைக்கும். முதலில் டாக்டரிடம் காட்டி அதை சரி பாருங்கள்.

மாட்டுக்கும் இதே கதை

"நாங்க சினை ஊசிதான் போடுறோம், எங்களுக்கு என்ன?" என்று மாட்டுக்காரர்கள் கேட்கலாம். மைனஸ் 196 டிகிரி குளிரில் வைத்திருக்கும் அந்த ஊசி மருந்தும் ஒரு காளையுடையதுதான். ஒரே காளையில் இருந்து ஆயிரக்கணக்கான ஊசி வரும். அம்மா பசுவுக்கு போட்ட அதே காளை ஊசியை, அதற்கு பிறந்த கிடேரிக்கும் போட்டால் அப்பன்-மகள் கதைதான்.

ஊசி குழாய் மேலேயே காளையின் நம்பர் அச்சடித்து இருக்கும். ஊசி போட வருபவரிடம் கேட்டு, நாள்காட்டியிலோ நோட்டிலோ எழுதி வையுங்கள். மாட்டின் காதில் போடும் 12 இலக்க தோட்டையும் பிடுங்கி எறியாதீர்கள். எந்த மாட்டுக்கு எந்த காளை என்று பதிவு செய்ய உதவுவது அந்த நம்பர்தான்.

அமெரிக்காவில் 8 பூமா

புது ரத்தம் என்ன செய்யும் என்பதற்கு அமெரிக்காவில் ஒரு கதை உண்டு. அங்கே புளோரிடா காட்டில் இருந்த பூமா எனும் பெரும்பூனை இனம் 20, 30 என்று குறைந்து, தங்களுக்குள்ளேயே சேர்ந்து, வால் வளைந்தும், இதயத்தில் ஓட்டையோடும் குட்டி போட்டது. 1995-ம் ஆண்டு டெக்சாசில் இருந்து 8 பெண் பூமாக்களை கொண்டுவந்து விட்டார்கள். அதன்பிறகு கோளாறுகள் குறைந்தன. இனம் 100-ஐ தாண்டி பெருகியது. 8 விலங்கு ஒரு காட்டையே காப்பாற்றியது என்றால், ஒரு கிடா நம்ம கொட்டிலை காப்பாற்றாதா?

என்ன செய்யணும்?

* கிடா குட்டியை 3 மாதத்திலேயே தனியாக கட்டுங்கள். கறிக்கு வளர்ப்பது என்றால் காயடித்து விடலாம்.

* பொலிகிடாவை தூரத்து ஊரில், சம்பந்தம் இல்லாத மந்தையில் இருந்து வாங்குங்கள். தாய் 2 குட்டி போடுகிறதா, பால் இருக்கிறதா என்று விசாரியுங்கள்.

* ஒரு வருஷம் ஆனதும் கிடாவை மாற்றுங்கள். முடியாவிட்டால் அதன் மகள்களையாவது பிரித்து வையுங்கள்.

* 4 ஆடு வைத்திருப்பவர் தனியாக கிடா வாங்க வேண்டியது இல்லை. ஒரு கிடா 20, 25 பெட்டைக்கு தாங்கும். 5, 6 வீடு சேர்ந்து வாங்கலாம். அடுத்த வருஷம் வேற ஊர்க்காரர்களோடு மாற்றிக்கொள்ளலாம்.

* சந்தையில் வாங்கிய கிடாவை அன்றைக்கே மந்தையில் விடாதீர்கள். 3 வாரம் தனியாக கட்டி வைத்து, குடற்புழு மருந்து கொடுத்து, ஆட்டுக்கொல்லி நோய் தடுப்பூசி போட்டபிறகு சேருங்கள். பல வீட்டுக்கு போகும் கிடாவுக்கு கருச்சிதைவு நோய் இருக்கிறதா என்று ரத்த பரிசோதனையும் அவசியம்.

* சின்ன ஆட்டுக்கு ரொம்ப பெரிய இன கிடாவை விட்டால் குட்டி போடும்போது சிக்கும். அளவு பார்த்து விடுங்கள்.

நெல்லுக்கு பயம் இல்லை

பயிருக்கும் இது பொருந்துமா? பாகூர் பக்கம் விளையும் நெல் தன் பூவிலேயே தான் கருவுறும் பயிர். அதனால் சொந்த விதையை எடுத்து வைத்தாலும் இந்த கெடுதல் கிடையாது. மக்காச்சோளம், கம்பு அப்படி இல்லை. ஒன்றிரண்டு செடியில் மட்டும் விதை எடுத்துக்கொண்டே போனால் விளைச்சல் படுத்து விடும். நிறைய செடியில் இருந்து எடுத்து கலக்க வேண்டும்.

தென்னையில் நெட்டையையும் குட்டையையும் சேர்த்து வீரிய ரகம் உண்டாக்கும் வேலை 1932-லேயே, அன்றைய சென்னை மாகாணத்தில் இருந்த நீலேஸ்வரத்தில் நடந்து இருக்கிறது. இதுவும் புது ரத்தம்தான்.

ஆடு, மாட்டு விஷயத்தில் சந்தேகம் என்றால் பக்கத்து கால்நடை மருந்தகத்தில் கேட்கலாம். குரும்பாபேட்டில் கால்நடை மருத்துவ கல்லூரியே இருக்கிறது.

கிடா மாற்ற ஒரு தடவை செலவு ஆகும். மாற்றாவிட்டால் ஒவ்வொரு ஈத்துக்கும் நஷ்டம். எது லாபம் என்று நீங்களே கணக்கு போட்டு பாருங்கள்.