ஒரு வயிற்றில் மூன்று தலைமுறை

நல்லதண்ணித் தோட்டங்களில் கொழுந்துக் கூடையோடு மலையேறும் கர்ப்பிணியைப் பார்த்தால், "இரண்டு உயிர் ஏறுகிறது" என்போம். வயிற்றில் இருப்பது பெண் குழந்தையானால் அந்தக் கணக்கும் போதாது. நாளைய பேரப்பிள்ளைகளுக்குரிய முட்டைகள் அந்தச் சிசுவுக்குள் இப்போதே உருவாகின்றன. ஐந்தாம் மாதமளவில் அவை 60, 70 இலட்சம். பிறக்கும்போது 10 முதல் 20 இலட்சம். பிறகு குறைந்துகொண்டே வரும்.

எப்படி இது நடக்கிறது?

நம் உடலின் உயிரணுக்கள் அநேகமாக எல்லாவற்றிலும் ஒரே பரம்பரையலகுகள்தாம் உள்ளன. ஒரே சமையல் புத்தகம் எல்லா வீட்டிலும் இருப்பதுபோல. ஒரு வீட்டில் பிரியாணிப் பக்கம் திறந்திருக்கிறது. இன்னொன்றில் வட்டிலப்பப் பக்கம். எந்தப் பக்கம் திறப்பது, எதை மூடுவது என்பதில்தான் தோலும் ஈரலும் வேறுபடுகின்றன.

கரு உண்டாகி இரண்டு, மூன்று வாரங்களில் சில அணுக்கள் அடுத்த தலைமுறைக்கென ஒதுக்கப்படுகின்றன. உடலாக மாறச்சொல்லும் பக்கங்களை அவை மூடிவிட வேண்டும். எலிகளில் இந்த வேலையைச் செய்வது 'பிளிம்ப்-1' என்னும் புரதம் என்று 2005இல் கண்டறிந்தார்கள். பின்னர் தாயும் தகப்பனும் வைத்த இரசாயனக் குறிகள் ஏறக்குறைய முழுவதும் அழிக்கப்படுகின்றன. பெண்ணாயின் தாய்க்குரிய குறிகளும், ஆணாயின் தந்தைக்குரிய குறிகளும் பின்பு புதிதாக எழுதப்படுகின்றன.

இந்தத் துறையில் முன்னோடி, கென்யாவின் கிசுமுவில் 1945இல் பிறந்த இந்திய வம்சாவளியினரான அஸீம் சுரானி. கேம்பிரிட்ஜில் அவரும் குழுவினரும் 1984இல் ஒரு சோதனை செய்தனர். தாயின் பங்கை மட்டும் இருமடங்காகக் கொடுத்தபோது எலிக்கருவுக்கு நஞ்சுக்கொடி சரியாக வளரவில்லை. தந்தையின் பங்கை மட்டும் கொடுத்தபோது கருவே சரியாக வளரவில்லை. அதே காலத்தில் அமெரிக்காவில் டாவோர் சொல்டரும் இதே முடிவுக்கு வந்தார். 2018இல் இருவருக்கும் கனடாவின் கெயர்ட்னர் விருது கிடைத்தது.

சகோதரிகளே, இதில் நமக்கும் பாடம் உண்டு. பிள்ளையில் ஒரு குறை கண்டால் மருமகளையே குத்திக்காட்டுவது நம் வீடுகளில் சாதாரணம். பிள்ளை இருவரின் பங்கிலும் உருவானது. ஆணா பெண்ணா என்பதோ தகப்பனின் விந்தணுவைப் பொறுத்தது.

இன்னொன்று, பசி. 1944-45 குளிர்காலத்தில் நெதர்லாந்தில் கொடும் பஞ்சம். அப்போது கருவானவர்களை அறுபது ஆண்டுகளுக்குப்பின் பரிசோதித்தபோது, வளர்ச்சிக்குரிய ஒரு பரம்பரையலகில் குறிகள் குறைந்திருந்தன. 2008இல் இது வெளியானது. தாய் பட்டினி கிடந்ததன் தடம் பிள்ளையின் உடலில் முதுமைவரை நின்றிருக்கிறது.

ஆகவே கர்ப்பம் என்று தெரிந்ததும் கிளினிக்கில் பதியுங்கள். போலிக் அமில மாத்திரையைக் கருத்தரிக்கும் முன்பே தொடங்குவது நல்லது. இரும்புச்சத்து மாத்திரையை நிறுத்தாதீர்கள். மிட்வைப் தரும் திரிபோஷாவைக் கர்ப்பிணியே சாப்பிடட்டும். வீட்டார் பங்குபோட வேண்டாம். எல்லோரும் உண்டபின் மிச்சத்தை உண்ணும் வழக்கத்தை அந்தப் பத்து மாதமாவது மாமிமார் மாற்றட்டும். மருமகளுக்கு வைக்கும் ஒரு பிடி சோறு, பேத்திக்கும் சேர்த்து வைப்பதுதான்.