பறவைக் காவலும் பாசன ஏரியும்

தர்மபுரி ஜில்லாவில் பென்னாகரத்தை அடுத்துள்ள ஏரியூர், தன் பெயரிலேயே ஏரியைத் தாங்கி நிற்பது. அண்மையில் காவிரி ஓடினும், ஆற்று மட்டத்திற்கு உயர்ந்து கிடக்கும் மேட்டு நிலங்களுக்கு அதன் நீர் தானாக ஏறி வருவதில்லை. கேழ்வரகும் சாமையும் நிலக்கடலையும் பயிராகும் இத்தகைய பிரதேசத்தில், மழை நீரை ஏந்தி நிறுத்தும் ஏரிகளும் குட்டைகளுமே கிணறுகளுக்கு ஊற்றுக் கொடுக்கின்றன. ஏரி தூர்ந்தால் கிணறு வற்றும். கிணறு வற்றினால் குடியானவன் பிழைப்பு கெடும்.

தமிழ்நாட்டில் சுமார் 39,000 ஏரிகள் உள்ளன. ஒவ்வோர் ஏரிக்கும் ஒரு காவற்காரரைச் சர்க்கார் நியமித்தல் இயலாது. பின் அவற்றைக் காப்பவர் யார்? இதற்கு விடை, செங்கற்பட்டு ஜில்லா மதுராந்தகம் தாலூகாவிலுள்ள வேடந்தாங்கல் கிராமத்தின் சரித்திரத்தில் இருக்கிறது.

வேடந்தாங்கல் கண்ட வழி

வேடந்தாங்கல் ஏரி அளவிற் பெரிதன்று. பரப்பு சுமார் 74 ஏக்கரே. ஏரிக்குள் நிற்கும் கடம்ப மரங்களிலும் கருவேல மரங்களிலும் நத்தைகுத்தி நாரை, கரண்டிவாயன், கூழைக்கடா, நீர்க்காகம், வக்கா, கொக்கு முதலிய பறவைகள் பல தலைமுறைகளாகக் கூடு கட்டிக் குஞ்சு பொரித்து வருகின்றன. வடகிழக்குப் பருவ மழையில் ஏரி நிரம்பியதும் அவை வந்து சேரும். கோடைத் தொடக்கத்தில் குஞ்சுகளுடன் பறந்து செல்லும்.

பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலேயச் சிப்பாய்கள் இவ்வேரியிற் பறவைகளைச் சுடத் தொடங்கினர். ஊரார் இதைப் பொறாமல் கலெக்டரிடம் முறையிட்டுக் கொண்டனர். அக்காலத்துக் கலெக்டராகிய லயனல் பிளேஸ் துரை, 1798-ம் வருஷத்தில், பறவைகளைக் காக்கும் உரிமையை அவ்வூராருக்கு அளித்துக் கௌல் எழுதிக் கொடுத்தார். 1858-ல் அவ்வுரிமை புதுப்பிக்கப்பட்டது. சர்க்கார் அவ்விடத்தைச் சரணாலயமாக அங்கீகரித்தது 1936-ல்தான். வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் பிறந்ததோ 1972-ல். ஆகவே, சரணாலயம் என்ற பெயர் வருவதற்கு 138 வருஷங்களுக்கு முன்னரே ஊரார் காவல் பூண்டிருந்தனர் என்பது தெளிவாகும். அக்காவலுக்கு அவர்கள் சம்பளம் பெற்றவர்களும் அல்லர்.

எச்சமே எரு

ஊரார் இவ்வளவு பரிவு காட்டியதற்குக் காருண்யம் மாத்திரமே காரணம் அன்று. பறவைகள் சுற்றுப்புற ஏரிகளிலும் வயல்களிலும் மீன், நத்தை, தவளை, பூச்சி ஆகியவற்றைத் தின்று மாலையிற் கூட்டிற்குத் திரும்புகின்றன. அவற்றின் எச்சம் ஏரி நீரில் விழுந்து கரைகிறது. எச்சத்தில் தழைச்சத்தும் மணிச்சத்தும் மிகுதியாக இருப்பதால், மதகின் வழியே வயலுக்குப் பாயும் நீர் எருக் கலந்த நீராகவே பாய்கிறது. பல மைல் தூரத்தில் சிதறிக் கிடக்கும் சத்தைத் திரட்டி, கூலியின்றி ஓர் ஏரியிற் கொண்டுவந்து சேர்க்கும் வேலையைப் பறவைகள் செய்கின்றன. அந்நீர் பாயும் வயலுக்கு உரச் செலவு குறையும் என்பதை ஆயக்கட்டுக் குடிகள் நன்கு அறிவர்.

பிற ஊர்களின் அனுபவம்

திருநெல்வேலி ஜில்லா நாங்குனேரி தாலூகாவிலுள்ள கூந்தன்குளத்தில் பறவைகள் குளத்து மரங்களோடு நில்லாமல், வீட்டு முற்றத்து மரங்களிலும் கூடு கட்டுகின்றன. ஊரார் அவற்றை விருந்தினராகவே பாவிக்கின்றனர். கூட்டினின்று தவறி விழும் குஞ்சுகளை எடுத்து வளர்த்து விடுவதும் உண்டு. கோடையிற் குளத்து வண்டலை வயலுக்கு எருவாக இடுகின்றனர். 1994-ல் அக்குளம் சரணாலயமாயிற்று. சிவகங்கை ஜில்லாவில் வேட்டங்குடிச் சரணாலயத்தை அடுத்த கொள்ளுக்குடிப்பட்டியிலோ, பறவைகள் அஞ்சி ஓடாதிருக்கும் பொருட்டுத் தீபாவளிக்கும் வெடி வெடிப்பதில்லை. தம் பிள்ளைகளின் பண்டிகைக் களிப்பிலும் ஒரு பங்கை விட்டுக்கொடுக்க ஊரார் இசைந்துள்ளனர்.

ஈர நிலங்களைக் காக்கும் பொருட்டு 1971-ல் ஈரான் தேசத்து ராம்சார் நகரில் பல தேசத்தார் கூடி ஓர் உடன்படிக்கை செய்தனர். இந்தியா அதில் 1982-ல் சேர்ந்தது. வேடந்தாங்கலும் கூந்தன்குளமும் அப்பட்டியலில் இடம்பெற்றதாக 2022-ல் அறிவிக்கப்பட்டது. உலகம் இன்று மதிக்கும் இடங்களாக அவை விளங்குவது, பெயரறியாக் குடிகள் பலர் செய்த காவலின் பயனேயாம்.

ஓர் ஆட்சேபம்

"பறவைகள் ஏரி மீனைத் தின்கின்றன, நீலத் தாழைக்கோழி நெற்பயிரை மிதித்து அழிக்கின்றது, இவற்றை ஏன் காக்க வேண்டும்?" எனக் குடியானவர் சிலர் கேட்பதுண்டு. இக்கேள்வி தள்ளத்தக்கதன்று. தாழைக்கோழியால் ஏரியோரத்து வயலுக்குச் சேதம் நேர்வது உண்மையே. ஆயினும், நத்தைகுத்தி நாரை வயல் நத்தைகளைத் தின்கின்றது; கொக்கு வெட்டுக்கிளியையும் புழுவையும் பொறுக்குகின்றது. சேதத்தையும் நன்மையையும் ஒருங்கே நிறுத்துப் பார்த்தல் வேண்டும். நட்டம் ஓரிருவர் வயலிலும், லாபம் ஆயக்கட்டு முழுவதிலும் விழுமாயின், நட்டமடைந்தவரை ஊர்ப் பொதுவிலிருந்து ஆதரிப்பதே நியாயம். தனி ஒருவன் தலையிற் சுமையை ஏற்றிவிட்டுப் பொதுநலம் பேசினால் காவல் நிலைக்காது.

குடியானவர் செய்யத்தக்கவை

குடிமராமத்து என்னும் பழைய வழக்கத்தை வலியுறுத்த 1858-ல் சென்னை மாகாணத்திற் கட்டாய உழைப்புச் சட்டம் ஒன்று இயற்றப்பட்டது. எனினும், அவ்வழக்கம் காலப்போக்கில் பல ஊர்களில் தேய்ந்தது. அதே 1858-ல் உரிமை புதுப்பிக்கப்பெற்ற வேடந்தாங்கலிலோ காவல் தளரவில்லை. மனமிசைந்த வேலைக்கு உள்ள வலிமை இதனால் விளங்கும். ஏரியூர்ப் பக்கத்திலும், ஒத்த நிலையிலுள்ள பிற ஊர்களிலும், தொண்டு செய்ய விரும்புவோர் பின்வருவனவற்றை மேற்கொள்ளலாம்.

1. மழைக்கு முன்னர் வரத்துக் கால்களைச் செப்பனிடுக. வரத்துக் காலை அடைத்தபின் கரையை உயர்த்துவதால் பயனில்லை.

2. உரிய அதிகாரியின் அனுமதி பெற்றுக் கோடையில் வண்டலை எடுத்து வயலுக்கு இடுக. கரையின் அடியை ஒட்டி வெட்டலாகாது, கரை பலமிழக்கும்.

3. சீமைக் கருவேலையும் ஆகாயத் தாமரையையும் அகற்றுக. ஆனால், கூடுள்ள மரத்தைக் குஞ்சுகள் பறந்து செல்லும் வரை தொடாதிருக்க.

4. ஆப்பிரிக்கக் கெளுத்தி மீனை ஏரியில் விடாதிருக்க. அது நாட்டு மீன்களை அழித்துவிடும்.

5. பூச்சி மருந்து தெளித்த கருவிகளை ஏரியிற் கழுவாதிருக்க. கண்ணியும் வலையும் வைத்துப் பறவை பிடிப்போரைக் கண்டால் வன இலாகாவிற்குத் தெரிவிக்க.

6. ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1987 முதல் ஜனவரி மாதந்தோறும் தொண்டர்களைக் கொண்டு நடைபெற்று வருகிறது. பள்ளிச் சிறுவர்களும் தம் ஊர் ஏரிப் பறவைகளை எண்ணிக் குறித்து வைக்கலாம். பல வருஷக் குறிப்பு சேர்ந்தால் ஏரியின் ஆரோக்கியம் அதனால் விளங்கும்.

இவற்றுள் எதற்கும் பெரும் பொருள் வேண்டுவதில்லை. வருஷந்தோறும் விடாது செய்தலே வேண்டும். ஒரு நாள் கூடித் தூர் வாரிவிட்டு மறு வருஷம் மறந்துபோகும் ஊரில் ஏரியும் நிலைப்பதில்லை, பறவையும் தங்குவதில்லை. ஐப்பசி மழைக்கு முன் ஊர் கூடி, இவ்வருஷத்துக் காவல் இன்னார் பொறுப்பு என்று ஏற்பாடு செய்து கொள்வதே முதற் காரியமாகும்.