முழங்கால் வலிக்குதா? சைக்கிள் சீட்டைப் பாருங்க!

சைக்கிள் மிதித்தால் முழங்கால் வலிக்கிறதா? இடுப்பு பிடிக்கிறதா? தைலம் தேய்க்கும் முன்னால் உங்கள் சைக்கிள் சீட்டை ஒரு தடவை பாருங்கள். வலிக்குக் காரணம் அங்கேயே இருக்கலாம்!

பால் பாக்கெட், பேப்பர், தண்ணீர் கேன் என்று சைக்கிளை நம்பிப் பிழைப்பவர்கள் சென்னையில் இன்றும் உண்டு. இவர்களுக்குக் கால்தான் முதல். அந்தக் காலையே பதம் பார்த்துவிடும் தாழ்ந்த சீட்!

"உட்கார்ந்தபடியே ரெண்டு காலும் தரையில ஊணணும்" என்று சொல்லி சீட்டை இறக்கச் சொல்வார்கள். ஓட்டப் பழகும்போது அது சரி. பழகிய பிறகும் அப்படியே விட்டால், ஒவ்வொரு மிதிக்கும் முழங்கால் அளவுக்கு மேல் மடங்கும். முட்டியின் முன்பக்கம் வலிக்கும்.

சீட் ரொம்ப உயர்ந்தாலும் தொல்லை. பெடல் எட்டாமல் இடுப்பு இரண்டு பக்கமும் ஆடும். முட்டியின் பின்பக்கம் இழுக்கும்.

காலுக்கு ஏற்ற சக்கரம்

சைக்கிளுக்குக் கால் அளவு பார்ப்பது புதுசு இல்லை. 1870-களில் இங்கிலாந்தில் முன்சக்கரம் மட்டும் பிரமாண்டமான சைக்கிள் ஓடியது. பெடல் அந்தச் சக்கரத்திலேயே இருந்ததால், ஓட்டுபவரின் கால் நீளத்தை வைத்துத்தான் சக்கரத்தின் அளவு!

1885-ல் ஜான் கெம்ப் ஸ்டார்லி, செயினில் ஓடும் 'ரோவர்' சைக்கிளைக் கொண்டுவந்தார். சக்கரம் சிறுத்தது. இன்று கால் அளவுக்கு ஏற்றி இறக்க வேண்டியது சீட்டைத்தான்.

குதிகால் சோதனை

சுவர் ஓரம் சைக்கிளை நிறுத்தி, ஒரு கையால் சுவரைப் பிடித்து ஏறி உட்காருங்கள். ஒரு பெடலை அடிமட்டத்துக்குக் கொண்டுவந்து அதன் மேல் குதிகாலை வையுங்கள். கால் நேராக நீண்டால் சீட் உயரம் சரி.

முன்பாதத்தால் மிதிக்கும்போது, பெடல் கீழே வரும் இடத்தில் முழங்கால் லேசாக, 25 முதல் 35 டிகிரி வரை மடங்கியிருக்கும். மாற்றும்போது கால் அங்குலம், கால் அங்குலமாக மாற்றுங்கள். இரண்டு நாள் ஓட்டிப் பார்த்து அடுத்த மாற்றம்.

சீட் மட்டமாக இருக்கட்டும். மூக்கு தூக்கினால் தொடை இடுக்கு மரத்துப்போகும். சரிந்தால் உடம்பு பாரம் மணிக்கட்டில் இறங்கும். ஹேண்டில்பார் சீட் மட்டத்திலோ சற்று மேலோ இருந்தால் கழுத்துக்கு நிம்மதி.

உஷார்!

சீட் கம்பியில் ஒரு கோடு போட்டிருக்கும். அது வெளியே தெரியும்படி ஏற்றவே கூடாது. கம்பி உடைந்தால் ஆள் நடுரோட்டில்!

"வளர்ற புள்ளை, பெரிசாவே வாங்கிடலாம்" என்று பெற்றோர் நினைக்கலாம். அதுவும் ஆபத்து. சீட்டை விட்டு இறங்கி, பாருக்கு இருபக்கமும் பாதம் ஊன்றி நிற்கும்போது ஒரு அங்குலமாவது இடைவெளி வேண்டும். பிரேக் விரலுக்கு எட்ட வேண்டும். எட்டாத சைக்கிளில் குரங்கு பெடல் போடும் சிறுவன், பஸ் குறுக்கே வந்தால் என்ன செய்வான்?

சீட்டைச் சரிசெய்தும் வலி போகவில்லையா? அப்போது டாக்டரைப் பாருங்கள். அதற்கு முன் சைக்கிள் கடையில் ஒரு ஸ்பேனர், ஐந்து நிமிடம் போதும்.