டிவிக்கு கூடுதல் வாரண்டி தேவையா? பணம் செலுத்தும் முன் பார்க்க வேண்டியவை

புதிய டிவி வாங்கி, விலை பேசி முடித்து, பில் போடும் நேரத்தில் விற்பனையாளர் கேட்பார்: "இன்னும் சில ஆயிரம் செலுத்தினால் இரண்டு ஆண்டுகள் கூடுதல் வாரண்டி கிடைக்கும், சேர்த்துவிடலாமா?" பலரும் யோசிக்காமல் தலையசைத்துவிடுகின்றனர்.

இந்தியாவில் விற்பனையாகும் பெரும்பாலான டிவிகளுக்குத் தயாரிப்பு நிறுவனமே ஓராண்டு வாரண்டி அளிக்கிறது. சில நிறுவனங்கள் பேனலுக்கு மட்டும் மேலும் ஓராண்டு தருகின்றன. ஆகவே 'மூன்று ஆண்டு பாதுகாப்பு' என்ற விளம்பரத்தில் முதல் ஆண்டு எப்படியும் இலவசமாகக் கிடைப்பதுதான். உற்பத்திக் குறைபாடுகள் பெரும்பாலும் அந்த முதல் ஆண்டிலேயே தெரிந்துவிடும். தேய்மானக் கோளாறுகள் பல ஆண்டுகள் கழித்தே தலைதூக்கும். கூடுதல் வாரண்டி இவற்றுக்கு இடைப்பட்ட காலத்துக்கானது.

ஓர் எளிய கணக்கு உதவும். 40,000 ரூபாய் டிவிக்கு வாரண்டிக் கட்டணம் 4,000 ரூபாய், பேனல் மாற்றும் செலவு 24,000 ரூபாய் என வைத்துக்கொள்வோம். அந்த இரண்டு ஆண்டுகளில் ஆறு டிவிகளில் ஒன்றாவது பேனல் பழுதானால்தான் இக்கட்டணம் கட்டுப்படியாகும். பவர் போர்டு, பேக்லைட் போன்ற பழுதுகள் பொதுவாகச் சில ஆயிரங்களில் முடிந்துவிடும். எனவே 32 அங்குல டிவிக்கு அந்தப் பணத்தைக் கையில் வைத்திருப்பதே மேல். விலையுயர்ந்த பெரிய திரை வாங்கி, திடீரெனப் பெருந்தொகை செலவிட இயலாதவர்கள் மட்டும் இதைப் பரிசீலிக்கலாம்.

அப்போதும் விதிமுறைகளைப் படித்தாக வேண்டும். திரை உடைதல், இடி மின்னல், மின்னழுத்த ஏற்றத்தாழ்வு ஆகியவற்றால் ஏற்படும் சேதத்தைப் பல திட்டங்கள் ஏற்பதில்லை. வாடிக்கையாளர் அஞ்சுவதோ பெரும்பாலும் இவற்றுக்குத்தான்! ஓஎல்இடி டிவி வாங்குவோர், திரையில் படத்தின் தடம் பதியும் 'பர்ன்-இன்' சேர்க்கப்பட்டுள்ளதா எனக் கேட்பது அவசியம். பழுதுபார்க்க முடியாதபோது புதிய டிவி தருவார்களா, தேய்மானம் கழித்துப் பணம் தருவார்களா என்பதும் முக்கியம். வாரண்டியை வழங்குவது தயாரிப்பு நிறுவனமா, வேறு நிறுவனமா என்பதையும் கவனிக்க வேண்டும்.

எழுத்தில் ஒப்புக்கொண்ட சேவை மறுக்கப்பட்டால், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் அளிக்கலாம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன் கீழ் ஆணையத்தை அணுக இரண்டு ஆண்டுகள் அவகாசம் உண்டு. பில்லும் வாரண்டிச் சான்றும் கையில் இருக்க வேண்டும்.

கடையிலேயே முடிவெடுக்க வேண்டிய கட்டாயமும் எப்போதும் இல்லை. சில நிறுவனங்கள், அசல் வாரண்டி முடிவதற்குள் பின்னரும் கூடுதல் வாரண்டி பெற அனுமதிக்கின்றன. அதற்கான கடைசித் தேதியைப் பில் போடும்போதே கேட்டுக் குறித்துக்கொள்ளலாம்.