மண் தூசியும் பள்ளத்தாக்குக் காய்ச்சலும்

தூசி நமது அங்கத்தினர்களுக்குப் புதிதன்று. உழவர் வறண்ட நிலத்தில் ஏர் பூட்டும்போதும், நெசவாளர் பஞ்சையும் நூலையும் கையாளும்போதும், அது மூக்கிலும் தொண்டையிலும் புகுவது அன்றாட நிகழ்ச்சி. ஆயினும் அத்தூசியுடன் உயிருள்ள நோய்வித்தும் சுவாசப்பையை அடையக்கூடும் என்பதைப் பலர் அறியார். அமெரிக்க ஐக்கிய நாட்டின் தென்மேற்குப் பகுதியில் காணப்படும் 'பள்ளத்தாக்குக் காய்ச்சல்' அத்தகைய வியாதியாகும். அதனைக் கண்டறியும் முறையையும் சிகிச்சையையும் இங்கு விளக்க முற்படுகிறோம்.

இந்நோயை உண்டாக்குவது காக்ஸிடியோய்டிஸ் என்னும் பூஞ்சைக் காளான். கலிபோர்னியாவில் பருத்தியும் திராட்சையும் விளையும் சான் ஜோவாக்கின் பள்ளத்தாக்கு, அரிஸோனா, மெக்ஸிகோ, தென்னமெரிக்காவின் சில வறண்ட பகுதிகள் ஆகியவற்றின் மண்ணில் இது வாழ்கிறது. மழைக்காலத்தில் நூலிழைபோல் மண்ணிற் படரும். கோடையில் காய்ந்து நுண்ணிய துணுக்குகளாக உடையும். நிலத்தை உழுதாலும், அகழ்ந்தாலும், பெருங்காற்று வீசினாலும் அத்துணுக்குகள் மேலெழுகின்றன. சுவாசப்பையை அடைந்ததும் அவை உருண்டை வடிவம் பெற்றுப் பருத்து வெடித்து, நூற்றுக்கணக்கான வித்துக்களைச் சிதறுகின்றன. எனினும், க்ஷயரோகத்தைப்போல் இருமலின் வாயிலாக ஒருவரிடமிருந்து மற்றவருக்கு இது தொற்றுவதில்லை.

1892ஆம் ஆண்டில் போனஸ் அயர்ஸ் நகரில் அலெஹாந்த்ரோ போஸதாஸ் என்ற மருத்துவ மாணவர் இந்நோயை முதன்முதலாக விவரித்தார். தொடக்கத்தில் இதனை ஒருவகை நுண்ணுயிர்ப் பிராணி என்றே அறிஞர் கருதினர். 1900இல்தான் இது காளான் என்பது கலிபோர்னியாவில் நிலைநாட்டப்பட்டது. 1994 ஜனவரியில் தென் கலிபோர்னியாவில் பூகம்பத்தால் மலைச்சரிவுகள் சரிந்து தூசி எழுந்தபின், 200க்கு மேற்பட்டோர் இந்நோயுற்றனர். அவர்களுள் மூவர் மாண்டனர்.

நெசவுத் தொழிலோடு தொடர்புள்ள ஒரு செய்தியும் உண்டு. இக்காளான் வட கரோலினாவின் மண்ணில் இல்லை. இருந்தும் அங்குள்ள பஞ்சாலைத் தொழிலாளரிடையே இந்நோய் தோன்றியதை மருத்துவர்கள் 1973இல் வெளியிட்டனர். காளான் வாழும் நிலத்தில் விளைந்த பஞ்சின் தூசியோடு அது ஆலைக்குள் வந்திருந்தது. சங்கக் கணக்கைப் பார்வையிடுகையில், ஒரு தொகை எங்கிருந்து வந்தது என்று கேட்பது எமது வழக்கம். இந்நோயைக் கண்டறிவதற்கும் அதே கேள்விதான் முதற்படி.

ஏனெனில், குறிகளை மட்டும் கொண்டு இதனை அடையாளங் காண இயலாது. தொற்றுப் பெற்றோரில் 100க்கு ஏறத்தாழ 60 பேருக்கு யாதொரு குறியும் தோன்றாது. ஏனையோருக்கு, தூசியைச் சுவாசித்த 1 முதல் 3 வாரங்களில் காய்ச்சல், இருமல், மார்புவலி, மூட்டுவலி, இரவு வியர்வை, நீங்காத களைப்பு ஆகியன உண்டாகும். சிலருக்குக் கால்களில் சிவந்த தடிப்புகள் எழும். வைத்தியர் இதனைச் சாதாரண நிமோனியா என்றெண்ணிப் பாக்டீரியாவை அழிக்கும் மருந்து தரக்கூடும். அம்மருந்து காளானை ஒன்றும் செய்யாது. எக்ஸ்ரே படத்தில் தோன்றும் நிழலைக் கண்டு க்ஷயமென்றோ புற்றுநோயென்றோ ஐயுறுவதும் உண்டு. இதனால் வாரங்கள், சில வேளைகளில் மாதங்கள், வீணாகின்றன.

ஆகவே இரத்தத்தில் இக்காளானுக்குரிய எதிர்ப்பொருள் உளதா எனப் பரிசோதிக்க வேண்டும். நோயின் தொடக்கத்தில் எதிர்ப்பொருள் தோன்றாதிருக்கலாம். ஐயம் நீங்காவிடில் சில வாரங்கள் கழித்து மறுபடியும் சோதிப்பது அவசியம். சளியையோ திசுவையோ நுண்பெருக்கியில் நோக்கி, மேற்சொன்ன உருண்டைகளைக் காண்பதும் உறுதியான சான்றாகும். சளியைப் பரிசோதனைச் சாலையில் வளர்த்துப் பார்க்கவும் செய்வர். ஆனால் அங்கு வளரும் காளான் சோதிப்போரையே தாக்கவல்லது. ஆதலின் அவர்களுக்கு முன்னெச்சரிக்கை செய்தல் வேண்டும்.

சிகிச்சை நோயின் கடுமையைப் பொறுத்தது. உடல் வலிமையுடைய பலர் மருந்தின்றியே குணமடைவர். எனினும் வைத்தியரின் மேற்பார்வை தேவை. நோய் கடுமையாயினும் நீடித்தாலும் ஃப்ளூகோனஸோல் அல்லது இட்ரகோனஸோல் என்னும் மருந்தை 3 முதல் 6 மாதங்கள், சில வேளைகளில் அதற்கு மேலும் உட்கொள்ள நேரும். மிகக் கடுமையான நிலையில் ஆம்போடெரிசின் மருந்தை இரத்தக்குழாய் வழியாகச் செலுத்துவர். நூற்றில் ஒருவர் அளவினருக்கு நோய் தோல், எலும்பு, மூளையைச் சூழ்ந்த சவ்வு ஆகியவற்றிற்குப் பரவும். மூளைச் சவ்வைத் தாக்கினால், ஆயுள் முழுவதும் மருந்துண்ண வேண்டியிருக்கும். நீரிழிவுள்ளோர், கருவுற்ற மாதர், நோயெதிர்ப்பைக் குறைக்கும் மருந்துண்போர் ஆகியோருக்கு அபாயம் அதிகம். கருவுற்றோருக்கு மருந்தைத் தேர்வதிலும் தனிக்கவனம் வேண்டும்.

மனிதருக்கான தடுப்பூசி இன்னும் நடைமுறைக்கு வரவில்லை. தூசியைக் குறைத்தலே காப்பு. 1940களில் சான் ஜோவாக்கின் பள்ளத்தாக்கின் விமானத் தளங்களில், டாக்டர் சார்லஸ் ஸ்மித்தின் யோசனைப்படி புல் வளர்த்தும் பாதைகளுக்கு எண்ணெய் தெளித்தும் தூசியை அடக்கினர். நோயுற்றோர் தொகையும் குறைந்தது. மண்ணை நனைத்து வேலை செய்தலும், நுண்தூசியை வடிகட்டும் முகமூடி அணிதலும் இன்றும் அங்குக் கூறப்படும் முறைகள்.

இக்காளான் நமது நாட்டு மண்ணுக்குரியதன்று. எனவே ஊரில் இருமுவோர் அனைவரும் அஞ்ச வேண்டுவதில்லை. ஆனால் நம் குடும்பத்தினர் எவரேனும் கலிபோர்னியாவுக்கோ அரிஸோனாவுக்கோ சென்று திரும்பியபின் இருமலும் காய்ச்சலும் நீடிப்பின், சென்ற ஊரையும் தங்கிய காலத்தையும் வைத்தியர் கேட்குமுன்பே கூறுக. க்ஷயமருந்து உண்டும் குணம் காணாதவர் அம்மருந்தைத் தாமாக நிறுத்தாது, இச்செய்தியை வைத்தியரிடம் தெரிவிக்க வேண்டும். எந்தப் பரிசோதனையைச் செய்யவேண்டும் என்று அவர் முடிவு செய்வதற்கு அது துணைபுரியும்.